யாழ்ப்பாண ரயிலில் கொரலியாக் குஞ்சுகள்

பாசியும் உப்பும் கலந்த ஒரு பச்சை மணம் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பின்விறாந்தையில் எப்போதும் நின்றது. எங்களுக்கு முன்பு அங்கே குடியிருந்த பறங்கிக் குடும்பம் விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில், கால்வாய் கடலோடு சேரும் இடத்தில் பழைய துவாயால் நான் கோலிப் பிடித்த இரண்டு மஞ்சள் மீன்களை வளர்த்தேன். சிங்களத்தில் அவற்றைக் ‘கொரலியா’ என்பார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். சைவச் சமையல் நடக்கும் வீட்டுக்குள் மீனா என்று அம்மா முகம் சுளித்து, சமையலறைக்குள் அந்தத் தண்ணீர் ஒரு துளியும் வரக்கூடாது என்று கட்டளையிட்டிருந்தார்.

அந்த இரண்டும் ஓர் ஓட்டுத்துண்டில் முட்டையிட்டு, மாறி மாறிச் செட்டையால் விசிறிக் காத்தன. குஞ்சுகள் பொரித்ததும் அவற்றை வாயால் அள்ளி மணலில் தோண்டிய குழியில் விட்டன. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தகப்பனின் விலாவிலே முட்டி முட்டி, அந்த உடம்பில் ஊறும் வழுவழுப்பைத் தின்பதை நான் பள்ளிக்கூடம் போகவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன விளையாட்டு?” என்று கந்தோரில் வேலை முடிந்து வரும் என் தகப்பன், ஐயா, தினமும் கேட்பார். மழைநீர்ப் பீப்பாயில் நெளியும் பொடிப் பூச்சிகளை வடித்துக் நான் குஞ்சுகளுக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அப்போதுதான் துறைமுகத்தில் விமானக் குண்டு விழுந்தது. எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பூட்டு விழ, ஐயாவும் எங்களை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் விட்டுவிட்டு வர முடிவு செய்தார்.

“மீனைக் கொண்டுபோய்க் கால்வாயில விடு.”

“விட்டால் பெரிய மீன் குஞ்சுகளைத் திண்டுபோடும், ஐயா. நான் கொண்டு வாறன்.”

“சனம் சாகுது. உனக்கு மீன் பெரிசோ?”

“ஓம்,” என்றேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. நான் தொட்டியைவிட்டு நகரவில்லை. ஐயா, “அப்ப நீயே தூக்கு. நான் தொடமாட்டன்,” என்றார்.

வாயகன்ற மண்குடம் ஒன்றில் தாய், தகப்பன், குஞ்சுகள் எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீரோடு மாற்றி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். மூட்டைகளும் அழுகிற குழந்தைகளுமாக நிற்கவும் இடமில்லாத பெட்டி அது. மீன்களுக்கு மூச்சு முட்டாதிருக்கக் கையால் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தேன். மாகோ நிலையத்துக்கு அப்பால் ஒருவர், “ஆக்களுக்கு இடமில்லை, உந்தக் குடத்தை வெளியில எறி!” என்று கை நீட்டினார். நான் குடத்தைக் கட்டிப்பிடித்தேன். அதுவரை அந்தத் தண்ணீரைத் தொட்டறியாத அம்மா எழுந்து, குடத்தின் வாயைத் தன் கையால் மூடினார். “அது என்ர பிள்ளையின்ர குடம். கை வையாதேங்கோ.” சிந்திய தண்ணீர் அம்மாவின் சேலையை நனைத்தது; யாழ்ப்பாணம் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை, நான் அளைவதற்கு மட்டும் விரல்களை விலக்கித் தந்தார்.

பெரிய மீன்களில் ஒன்று வழியிலேயே செத்தது. மற்றது, குஞ்சுகள் சூழ, ஊரில் எங்கள் கிணற்றடித் தொட்டியில் நீந்தியது. “கொழும்பால வந்த ஆக்கள் நகை கொண்டு வந்தினம், இவள் மீன் கொண்டு வந்திருக்கிறாள்,” என்று ஊரிலிருந்த மாமி சிரித்தார். கொழும்புக்குத் திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஐயா, “கடைசிமட்டும் தானே தூக்கிக்கொண்டு வந்தவள்,” என்று மட்டும் சொன்னார். மாமி பிறகு சிரிக்கவில்லை. மழைக்காலம் வருமுன் அந்தக் குஞ்சுகளுக்கு மஞ்சள் ஏறிவிட்டது.

இப்போது அந்த வெள்ளவத்தை வீடு இல்லை. அந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. கால்வாயின் கறுத்த நீரில் எத்தனையோ தரம் குனிந்து பார்த்தும் கொரலியா ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மனிதர் உயிருக்கு ஓடிய வேளையில் மீனைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்ல வெட்கமாக இல்லையா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. அந்தப் போரை நாங்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. நான் எதை விட்டுவிட்டு ஓடவேண்டும் என்று சொல்லும் உரிமையையும் அதற்கு நான் கொடுக்கவில்லை.