நாலாவது சேர் யார்?

மகளுக்குப் பொறியியல் பீடம் கிடைத்துவிட்டது!

உயர்தரத்தில் மூன்று பாடத்துக்கும் ஒவ்வொரு ரியூஷன் போதும் என்று அவள் சொன்னபோது, லிங்கநகர் மச்சாள்தான் அது காணாது என்று அதிகம் துள்ளினார். ஊரே தியறி படிப்பிக்க ஒரு சேர், வினாத்தாள் செய்விக்கும் பேப்பர் கிளாஸுக்கு இன்னொரு சேர் என்று ஓட, இவள் பின்னேரத்தில் வலைப்பந்து விளையாடினாள். இரவில் நன்றாகத் தூங்கினாள்.

இன்று பஸ்ஸில் மச்சாள் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"பிள்ளை ஆரிட்டப் படிச்சவ?"

"உங்களுக்குத் தெரிஞ்ச அதே மூண்டு சேர்மாரிட்டத்தான்."

"வலைப்பந்து?"

"ஒருநாளும் விடேல்ல."

மச்சாள் குரலைத் தாழ்த்தினார். "அப்பிடி ஏலாது. என்ர மகனுக்காகக் கேக்கிறன், ஒளிக்காம அந்த நாலாவது சேரின்ர பேரைச் சொல்லுங்கோ."

இல்லவே இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நாலாவது சேரை யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். மச்சாளோடு எனக்குத் திரும்பவும் கதை பேச்சு வேண்டும்.