பெயர் சொன்ன தண்ணீர்த் தாங்கிகள்

போன கிழமை கல்முனை பஸ் நிலையத்தில் நேரம் போகாமல் கைப்பேசியில் வைஃபையைத் திறந்தேன். அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. யாரோ ஒரு பகிடிக்காரன் ‘இது உன்ட வாப்பாட சாமானா’ என்று பெயர் வைத்திருந்தான். சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஆதம்பாவா காக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

சுனாமிக்குப் பிறகு, கரையில் இருந்த சனத்தை நற்பிட்டிமுனைப் பக்கம் வயலை மூடிக் கட்டிய வீட்டுத்திட்டங்களில் குடியேற்றினார்கள். அங்கே உயரமான தண்ணீர்த் தாங்கிகள். எந்தத் தாங்கியில் எவ்வளவு தண்ணீர் என்று டவுனில் நான் வேலை பார்த்த கந்தோரில் இருந்தபடியே பார்த்துத் தண்ணீர் பவுசர் வண்டி அனுப்புவதற்காக, ஒவ்வொன்றிலும் ஒரு ரேடியோ மோடம் பூட்டினோம். சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு சாமான், அதற்கொரு அன்டெனா. யுத்த காலமல்லவா, சோதனைச் சாவடியில் ‘ரேடியோ’ என்று வாயெடுத்தால் அன்றைய பகல் அங்கேயே முடிந்துவிடும். ‘தண்ணி அளக்கிற மெசின்’ என்றே ஒப்புவிப்போம்.

அதோடு கதைக்க லெப்டொப்பில் எழுத்துக் கட்டளை அடிக்க வேண்டும். முதலில் மூன்று கூட்டல் குறி. அதற்கு முன்னும் பின்னும் ஒரு நொடி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால்தான் ‘ஓகே’ என்று பதில் வரும். சும்மா இருப்பது எங்கள் பரம்பரையிலேயே இல்லாத பழக்கம். முதல் கிழமை முழுக்க, பழுதான பெட்டிகளை வாங்கிவிட்டார்கள் என்று மேலதிகாரியைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

மோடத்துக்குப் பெயரும் வைக்கலாம். பிறகு கந்தோரிலிருந்து ‘என்டி’ என்று ஆங்கிலத்தில் இரண்டெழுத்து அடித்தால், வேலை செய்கிற மோடங்கள் எல்லாம் தங்கள் பெயரைச் சொல்லும். ஒன்றுக்கு வட்டிலப்பம் என்றும் இன்னொன்றுக்குத் தொதல் என்றும் வைத்தேன். அப்போது கலியாணம் ஆகவில்லை. புத்தி முழுக்கச் சாப்பாட்டிலேயே கிடந்தது.

கடைசித் தாங்கியின் காவலாளிதான் ஆதம்பாவா காக்கா. எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்.

“தம்பி, என்ன பேரும் வெக்கலாமா?”

“ஓம் காக்கா.”

“அப்ப றிஸ்னா எண்டு வைங்க. என்ட மகள்.”

வைத்தேன். அன்றிலிருந்து, காலையில் நான் ‘என்டி’ அடித்து றிஸ்னா பதில் சொன்னதும் அவருக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. மகள் மேல் இப்படியும் ஒரு பாசமா என்று எனக்குப் பகிடியாக இருந்தது. ஒரு நாள் பிளேன்டீ கொண்டுவந்த அவர் மனைவி சுலைகா ராத்தாதான் விஷயத்தைச் சொன்னார்.

“கடல் கொண்டுபோன புள்ள தம்பி. மையித்துக் கிடைக்கல்ல. காயிப் ஜனாஸாவாவது தொழுவிப்பம் எண்டு கேட்டுக் கேட்டுப் பாத்துட்டன். மனிசன் சம்மதிக்கிறாரில்ல.”

உடல் கைக்கு வராதபோது மௌத்தானவருக்காகத் தொழுவது அது. தொழுதுவிட்டால் பிள்ளை இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். “வடக்கால ஏதோ இல்லத்தில சுனாமிப் புள்ளைகள் வளருதாம். பாதை திறக்கட்டும்” என்பார் காக்கா. அதன்பிறகு மழை நாளில் றிஸ்னா பதில் சொல்லாவிட்டால், மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு தாங்கியடிக்கு ஓடுவேன்.

யுத்தம் முடிந்தது, பாதையும் திறந்தது. மகளின் பள்ளிக்கூடப் படத்தை எடுத்துக்கொண்டு காக்கா வடக்கே போனார். திரும்பி வந்தவர் ராத்தாவோடு கந்தோர் வாசலில் நின்றார்.

“எல்லா இடமும் பாத்துட்டன் தம்பி. வெள்ளிக்கிழமை தொழுவிக்கப்போறம். அந்தப் பேர எடுத்திருங்க. ஜனாஸா தொழுத புள்ளைய ஒவ்வொரு காலையும் கூப்பிடப்படாது.”

மூவருமாகத் தாங்கியடிக்குப் போனோம். அன்று ஒரு நொடி சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ‘தாங்கி’ என்று புதுப் பெயரை அடித்தேன். ஆனால் ‘எழுது’ என்ற கடைசிக் கட்டளையைக் கொடுக்காவிட்டால் அந்தப் பெயர் நிலைக்காது. அதை அவரிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

“எழுதாம விட்டா அவட பேர் திரும்பி வருமா?”

“ஓம் காக்கா. கரண்ட் போய் வந்தா பழைய பேர்தான் வரும்.”

ராத்தா முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். காக்கா தாங்கியைக் கனநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“எழுதுங்க தம்பி.”

எழுதினேன். ‘ஓகே’ என்று வந்தது.

தொழுகை முடிந்த மறுநாள் காலை ‘என்டி’ அடித்தேன். வட்டிலப்பம் வந்தது, தொதல் வந்தது, தாங்கி வந்தது. பழக்கத்தில் விரல் அவருடைய இலக்கத்தை அழுத்திவிட்டது. எப்போதும் எடுக்காத மனிதர், அன்று எடுத்துவிட்டார்.

“என்ன தம்பி?”

“ஒண்டுமில்ல காக்கா. தாங்கியில தண்ணி நிறைய இரிக்கி.”

“நல்லம். நாளைக்கும் அடிங்க.”

பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது, பவுசர் நின்றது. மோடங்களைக் கழற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். காக்காவும் மௌத்தாகிவிட்டார். போனில் கதைப்பது மலிந்துபோனதால் இப்போது யாரும் யாருக்கும் மிஸ்ட் கோல் கொடுப்பதில்லை. எத்தனையோ போன் மாற்றிவிட்டேன். அவருடைய இலக்கம் மட்டும் அழிக்கப்படாமல் கூடவே வருகிறது, ‘றிஸ்னா வாப்பா’ என்ற பெயரில்.