குறுக்கே வைத்த கால்

என்னைப் பெத்த அத்தாவால் படி ஏற முடியும், சமதரையில் இருக்கும் வாசலைத் தாண்ட முடியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. கூடவே இருந்த நானும் ரொம்ப நாள் நம்பவில்லை. அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து நாலு வருஷமாகிறது. கை நடுக்கம் எங்களுக்குப் பழகிவிட்டது. நடந்துகொண்டிருக்கிற மனிதர் வாசல் நிலையைக் கண்டதும் அப்படியே நின்றுவிடுவதுதான் பழகவில்லை.

"கால் தரையோட ஒட்டிக்கிருச்சுப்பா" என்பார். இந்த நோய் வந்ததிலிருந்து குரலும் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

நான் திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவன். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். "படி ஏறத் தெரியுது, இதத் தாண்டத் தெரியாதா? வாங்கத்தா!" என்று கத்துவேன். கத்தக் கத்த அவர் கால் இன்னும் இறுகும். வேண்டுமென்றே செய்கிறார் என்றுகூட நினைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குத் தன் காலால் நடந்து பள்ளிவாசலுக்குள் போக வேண்டும். நான் சக்கர நாற்காலி வாங்கி வந்தேன். அதில் துவைத்த துணியைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலின் மூன்று படியையும் விறுவிறுவென்று ஏறியவர், உள்வாசலில் நின்றுவிட்டார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நானும் இன்னொருவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி அவரை உள்ளே வைத்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்த கண்ணில் தரைவிரிப்பு பட்டிருக்க வேண்டும். தொழுகைக்கு வரிசையாக நிற்பதற்காக அதில் குறுக்கே கோடு கோடாகப் போட்டிருக்கும். முதல் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார். அடுத்ததைத் தாண்டினார். அதற்கடுத்ததையும் தாண்டினார். விழுந்துவிடுவாரோ என்று கையை விரித்தபடி பின்னால் ஓடினேன். என் கைக்கு வேலையே இல்லை. முன்வரிசை நாற்காலி வரைக்கும் நோயே இல்லாதவர்போல நடந்து போனார். சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தொழுகையில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

ஆனால் திரும்பும்போது அதே வாசலில் மறுபடியும் நின்றார். மறுபடியும் தூக்கினோம். ஆட்டோவில் ஏறியதும், "இனிமே வீட்டுலயே தொழுதுக்கிறேன்" என்றார்.

மறுநாள் நான் மட்டும் அத்தாவுக்குப் பிசியோதெரபி கொடுக்கிற பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நம்ம கால் யோசிக்காம தானா நடக்குதுல்ல, அந்த வழி அவருக்கு அடைச்சுக்கிருது சார். கண்ணுல கோடு தெரிஞ்சா மூளை வேற வழியில கால எடுத்துக் குடுக்குது. எல்லாருக்கும் கேக்காது, உங்க அத்தாவுக்குக் கேக்குது" என்றார். இழுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் பார்த்து வெளியே கூட்டிப்போங்கள் என்றார். கடைசியாக, "கோடு இல்லாத எடத்துல உங்க காலை அவருக்கு முன்னால குறுக்க வையுங்க. அதத் தாண்டச் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தா முன்னால் நான் காலை நீட்டி உட்கார்ந்ததுகூடக் கிடையாது. வீட்டில் வாசலுக்கு வாசல் மஞ்சள் டேப் ஒட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தாண்டி அடுப்படிவரை போனதை வாய் பிளந்து பார்த்தேன். கால் விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை.

கெஞ்சிக் கூத்தாடித்தான் அடுத்த வெள்ளிக்கிழமை அவரைக் கிளப்பினேன். படி ஏறினார். உள்வாசலில் நின்றார். பின்னால் கூட்டம். கத்துவதற்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு என் வலது காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்.

"ஏய், பெத்த அத்தாவுக்குக் காலைக் குறுக்க வைக்கிறியே, அறிவிருக்கா ஒனக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் அதட்டினார்.

நான் திரும்பவில்லை. "தாண்டுங்கத்தா" என்றேன். அவர் என் காலையே பார்த்தார். இந்த நோய் முகத்தையும் விட்டுவைக்கவில்லை. கோபமா, வருத்தமா என்று அதில் ஒன்றும் தெரியாது. அவர் காலைத் தூக்கினார். என் பாதத்துக்கு மேலே தாண்டி உள்ளே வைத்தார். அதற்கப்புறம் கோடுகள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. நான் வாசலிலேயே நின்று அழுதேன்.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியேறியது. அத்தா வாசல்வரை வந்து நின்றார். அதட்டிய பெரியவர் பக்கத்தில்தான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் தயங்கி நின்றேன்.

அத்தா, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி, அந்தப் பெரியவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கால வையி அப்பு."