பதினொரு ரூபாய் அறுபது சதம்

பழனியாண்டிக்கு என் தங்கை சண்முகவடிவைக் கட்டிக் கொடுத்த புண்ணியவான் நான்தான். நாற்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். அப்பா இல்லாத வீடு, அண்ணன் என்ற முறையில் நானே மாப்பிள்ளை பார்த்தேன். "குடிக்க மாட்டான், வெற்றிலை போட மாட்டான், அப்படி ஒரு சிக்கனம்" என்று தோட்டமெல்லாம் பெருமையடித்தேன். என் வாயில் மண்ணைப் போட! அவன் குடிக்காததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை, சாராயம் விலைக்கு விற்கப்படுவதுதான் என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் இருந்த லயம், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்கூடத்துக்கு நேர் பின்னால். அதனால் அந்த மகானின் சிக்கனம் முழுவதையும் கண்ணாரக் கண்டேன். சுற்றி நாலு பக்கமும் தேயிலை விளைகிற இடத்தில், கொதிக்க வைத்த சாயத்தூளை வெயிலில் காயவைத்து மறுநாளும் போடச் சொன்னான். குழம்பில் போட்ட கருவாட்டை எடுத்துக் கழுவி அடுத்த நாளுக்கு வைத்தான். தங்கை மகள் பூரணி படிக்க உட்கார்ந்தால் விளக்கை ஊதி அணைப்பான். அந்தப் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வரும்.

எல்லாவற்றிலும் அசிங்கம் தீபாவளி. துக்க வீட்டில் தீபாவளி கிடையாது அல்லவா? அதனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் இவனுக்கு இந்தியாவில் யாராவது செத்துப் போவார்கள். "கடதாசி வந்திருக்கு மச்சான், பெரியம்மா போயிட்டாங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். பிள்ளைகளுக்குப் புதுத் துணி இல்லை, பலகாரம் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுக்கிற முறுக்கை மட்டும் துக்கத்தோடு வாங்கித் தின்பான். திருச்சிப் பக்கத்துச் சித்தப்பா ஒருவரை மூன்று வருட இடைவெளியில் இரண்டு தடவை சாகடித்தான். நான் கேட்டதற்கு, "அவரு வேற, இவரு வேற" என்றான். வெட்கங்கெட்ட பயல்.

இவன் சேர்த்த பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். சம்பள நாளில் பெண்டாட்டி சம்பளத்தையும் சேர்த்துப் புருஷன் வாங்கிக்கொள்வது எங்கள் தோட்டங்களில் வழக்கம். கொழுந்து எடுத்துக் கை வெடித்தவள் அவள், மேசை முன்னால் கை நீட்டுகிறவன் இவன். வாங்கியது நேரே கூரைக்கடியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போகும். மற்றப் பெண்கள் மழைக்குத் தலையில் கம்பளி போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள். என் தங்கை அரிசிச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு போனாள். நனைந்த சாக்கைச் சுமந்து கழுத்தெல்லாம் புண். மனம் கேட்காமல் நான் ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அது கணக்கப்பிள்ளை வீட்டில் கிடந்தது. விற்றுவிட்டான்!

"இவனோடு எப்படித்தான் இருக்கிறாய்?" என்று ஒரு நாள் அவளிடம் கத்தினேன்.

"சத்தம் போடாதீங்கண்ணே" என்றாள். "அப்பா செத்த மறுவாரம் நம்மள காம்பராவ விட்டு எறக்குனாங்களே, மறந்துட்டீங்களா? கால் ஏக்கரா இருந்தாலும் நம்ம மண்ணா இருக்கணும். தொரை வெளிய போன்னு சொல்ல முடியாத வீடு. அதுக்குத்தான் சேக்குறாங்க. நான் சாக்கையே போட்டுக்கிறேன்."



இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்களை நாடற்றவர்களாக்கிய அரசாங்கத்திடம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட, ஐம்பத்தொன்றில் கடைசித் தேதி நெருங்கியது. முதலில் போடாதே என்று சொன்ன தலைவர்களே பிறகு ஓடி ஓடிப் போடச் சொன்னார்கள். இரண்டு மாதம் என் வேலையே அதுதான், ஒரு சதம் வாங்காமல் தோட்டம் முழுவதற்கும் மனுப் பாரம் நிரப்பினேன். இவர்களுடையதையும் நிரப்பி வைத்தேன். ஹட்டனுக்குப் போய்ச் சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி. பழனியாண்டி விரலை மடக்கிக் கணக்குப் போட்டான்.

"ரெண்டு பேரு ஒரு நாள் சம்பளம் மூணு எழுவது. பஸ்சுக்கு ரெண்டு நாப்பது. டைப்புக்கும் முத்திரைக்கும் அஞ்சரை. பதினொன்னு அறுவது மச்சான்! ஒரு கடதாசிக்கா?"

"நான் தருகிறேன், போய்த் தொலை" என்றேன். காசை வாங்கிக்கொண்டான். போகவில்லை. அதுவும் டின்னுக்குள் போனது.

அரசாங்கம் எங்களுக்குச் செய்தது பச்சை அநியாயம். மனுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தள்ளுபடிதான். எனக்கு ஐம்பத்தேழில் கிடைத்தது. அதைக் கேட்டு வாழ்த்த வந்த பழனியாண்டி இளித்துக்கொண்டே சொன்னான்: "போட்டவன்ல முக்காவாசிப் பேருக்கு இல்ல, போடாத எனக்கும் இல்ல. என் கையில பதினொன்னு அறுவது மிச்சம்!" அது என் காசு என்பதைக்கூட அந்தப் பிறவி மறந்துவிட்டது.

அறுபத்து நாலு மாசியில் டின் நிறைந்தது. நோர்வூட்டில் கடைத்தெருவுக்குப் பின்னால் கால் ஏக்கர், விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. சண்முகவடிவு அந்த மண்ணை ஒரு தடவை போய்ப் பார்த்து, அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். கிரய உறுதி எழுத ஹட்டனில் ஒரு புரொக்டர் வக்கீலிடம் மூவரும் போனோம். அவர் முதலில் கேட்டது பிரஜாவுரிமைப் பத்திரம்.

"அது இல்லீங்க" என்றான் பழனியாண்டி.

"அப்ப இன்னுமொரு இரண்டாயிரத்து ஐந்நூறு கொண்டு வா. பிரஜை இல்லாதவன் காணி வாங்கினால் காணி விலை அளவுக்கு வரி. போன வருஷத்துச் சட்டம்."

அவன் டின்னை இறுகக் கட்டிக்கொண்டான். என் தங்கைதான் சட்டென்று பேசினாள். "அண்ணனுக்குப் பத்திரம் இருக்குங்களே. அண்ணன் பேருல எழுதிருவோம்."

நான் தலையாட்டினேன். அவன் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தான். "காசு என்னுது, உறுதி இவரு பேருலயா? நல்லா இருக்கே கத!" எழுந்து வெளியே போய்விட்டான். அவள் எவ்வளவோ கெஞ்சினாள், நானும் என் மானத்தை விட்டுக் கெஞ்சினேன். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் எங்கே கேட்பான்? பத்தே நாளில் காணி வேறொருவருக்குப் போனது.

அது கைமாறிய செய்தியை நான்தான் போய்ச் சொன்னேன். சண்முகவடிவு அழவில்லை. புருஷனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னைக்கு அந்தக் கடதாசிக்கு எவ்வளவுன்னு சொன்னீங்க?"

காசு விஷயத்தில் அவனுக்கு மறதி ஏது? "பதினொன்னு அறுவது" என்றான் உடனே. சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்டாள் என்று புரிந்தது போலும், தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த சம்பள நாள் சனிக்கிழமை. வழக்கம் போல மேசை முன்னால் நின்று இருவர் சம்பளத்துக்கும் கை நீட்டினான். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "என் சம்பளத்த எங்கிட்டக் குடுங்கய்யா." கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எண்ணி அவள் கையில் கொடுத்தார்.

என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். இருந்ததிலேயே கனமான கம்பளியாகப் பார்த்து, பேரம் பேசாமல் பதினெட்டு ரூபாய் எண்ணிக் கொடுத்தாள். மழை இல்லை. ஆனாலும் அதைத் தலையில் போட்டுக்கொண்டுதான் லயத்துக்குத் திரும்பினாள்.

வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்ன வெல?"

"பதினொரு ரூவா அறுவது சதம்" என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய் உலை வைத்தாள்.