வாசலில் கட்டிய வேப்பங்குலை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கடிதம் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. எழுத வந்ததே அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது, வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று எழுதிய தாளில் பெற்றோர் கையெழுத்துக் கேட்டார்கள். என் கணவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். "அப்பாவுக்குச் சும்மா மழைக்காய்ச்சல்தானம்மா, போடு. இன்னும் எத்தன நாளைக்கு வீட்டுலயே கெடக்கது?" என்று பத்தாவது படிக்கும் மகள் பேனாவை நீட்டினாள். வாங்கிவிட்டேன். கை ஓடவில்லை.

எனக்கு ஒன்பது வயதில், சங்கரன்கோவிலில் எங்கள் பக்கம் அம்மை பரவி, பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தறி நெய்யும் அப்பா, சும்மா இருந்த என்னை ராட்டை முன் உட்காரவைத்து, நெசவுக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றச் சொன்னார். நூல் அறாமல் சுற்றினேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"திறக்குத அன்னைக்குப் போனாப் போட்டும். இல்லன்னா இங்கனயே இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

திறப்பதற்கு இரண்டு நாள் இருக்கையில் தம்பிக்கு அம்மை போட்டது. அம்மா வாசல் நிலையில் வேப்பங்குலை கட்டினாள். குலை கட்டிய வீட்டுப் பிள்ளைகள் வரக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெரு வழியாகத்தான் நடந்துவருவார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை அம்மா தண்ணீருக்குப் போனதும் குலையை உருவி ஆட்டுக்குப் போட்டேன். சார் எங்கள் வாசல் நிலையைப் பார்த்தபடி கடந்துபோனார். அடுத்து, என் பெஞ்சுக்காரி என்னைக் கூப்பிட வந்தாள். பக்கத்துத் தெரு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, போர்த்திப் படுத்திருந்த தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏலே தூங்குமூஞ்சி, எந்திலே" என்று பாதத்தைச் சுரண்டினாள். அம்மை என்று சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு அவளோடு பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "ஏட்டி, குலைய எங்கட்டி?"

"ஆடு தின்னுட்டும்மா."

பொய் இல்லையே. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு வேறு குலை கட்டினாள். மறுநாள் அதைப் பார்த்த சார், தம்பிக்குச் சரியாகும்வரை என்னை வரவேண்டாம் என்றார். ஆனால் வருகைப்பதிவில் பெயர் ஏறிவிட்டதால் அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நான் போனபோது அவள் வீட்டு வாசலில் குலை தொங்கியது. உருவிவிட்டு வரத் தெரியாமல் கிடக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிய பிறகும் அவள் வரவில்லை. அவள் வீட்டுக்குள்ளிருந்து ராட்டைச் சத்தம் கேட்டது. பெஞ்சில் எனக்கு இடம் தாராளமாக இருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்கூட.

கையெழுத்துப் போடாமலே தாளை மடித்து மகளிடம் கொடுத்தேன். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை.