காக்காவுக்கு வக்காலத்து

உலகத்தில் எத்தனையோ பேர் உதவிக்கு ஆளில்லாமல் தவிக்கிறார்கள். நான் போய்க் காக்காவுக்கு உதவினேன். காக்கா கேட்கவில்லை. கேட்காத உதவியைச் செய்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. செய்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதிலும் அப்படித்தான். ஆனால் அதுவரை யாரும் என் மண்டையில் கொத்தியதில்லை.

எங்கள் மொட்டைமாடியை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது. சித்திரையில் ஒரு காக்கா ஜோடி அதில் கூடு கட்டியது. பாதி குச்சி; மீதி, துறைமுகச் சாலையில் பொறுக்கிய கட்டுக்கம்பியும் நைலான் கயிறும். துறைமுகத்தில் கன்டெய்னர்களின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. லீவு நாளில் பார்க்க சீல் எதுவும் இல்லாததால் கூட்டைப் பார்த்தேன்.

பார்த்ததில் ஒரு மோசடி பிடிபட்டது. கன்னங்கரேலென்று ஓர் ஆண் குயில் பக்கத்து வீட்டு டிஷ் மேல் உட்கார்ந்து தொண்டை கிழியக் கூவும். காக்கா இரண்டும் அதை விரட்டிக்கொண்டு உப்பளப் பக்கம் போகும். அதற்காகவே காத்திருந்த மாதிரி, உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெட்டைக் குயில் இலைக்குள்ளிருந்து நழுவி வரும், கூட்டில் முட்டையிட. காக்காவும் லேசுப்பட்டதில்லை. கொஞ்ச நாளிலேயே சூதானமாகிவிட்டது. ஒன்று விரட்டப் போனால் மற்றது கூட்டை விட்டு அசையாது. பெட்டை வந்த வழியே திரும்பும். நான் சும்மா இருந்திருந்தால் விவகாரம் அதோடு முடிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டைக் குயில் கூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. நான் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குயிலை விரட்டத்தான். காவலுக்கு இருந்த காக்காவுக்கு அது எப்படித் தெரியும்? அதன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டை நோக்கி வருகிற கொக்கியும் அதன் பின்னால் ஒரு தொந்தியும்தான். அது போட்ட சத்தத்தில் ஜோடியும் வந்து சேர்ந்தது. இரண்டும் என் தலையில் இறங்கின. தொரட்டியைப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடிக் கதவைச் சாத்தி, இடுக்கு வழியாகப் பார்த்தேன். காக்கா இரண்டும் கதவுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் முதுகுக்குப் பின்னால், பெட்டைக் குயில் சாவகாசமாகக் கூட்டிலிருந்து எழுந்து போனது.

ஆண் குயில் அத்தனை நாள் கூவியும் நடக்காததை, நான் ஒரே ஓட்டத்தில் நடத்திக் கொடுத்திருந்தேன்.

அதற்கப்புறம் நான் மாடிக்குப் போனால் கொத்துதான். காக்கா முகத்தை மறக்காது. அடுத்த தெருக் காக்காவுக்கும் என் அடையாளம் போய்விட்டது. துணி காயப்போட ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஏறினேன். பக்கத்து வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி தன் மாடியிலிருந்து, "என்ன தம்பி, மொட்டைமாடிக்கும் லைசென்ஸ் கேக்கானுவளா?" என்றார். நானும் சிரித்தேன்.

ஆனி மாதம் அப்பாவின் திதி வந்தது. சிரிப்பு அன்றைக்கு நின்றது.

காலையில் அம்மாவோடு திருச்செந்தூர் போய்க் கடலில் முங்கித் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, வழியில் ஆத்தூர் வெற்றிலை வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். மனைவி சமைத்து வைத்திருந்தாள். படையல் சோற்றைக் காக்கா எடுக்காமல் அம்மா ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் ஒரு பிசகு. மாத்திரை அட்டையைப் பார்த்த மனைவி பதறிப் போனாள்.

"அத்தை, வெறும் வயித்துல சுகர் மாத்திரையா போட்டீய?"

"விடியக்காலம் கை தன்னால எடுத்துப் போட்டுட்டு. காக்கா எடுக்கவும் சாப்பிட்டுட்டாப் போச்சு. நீ இலையைப் போடு."

மூன்று பேரும் மாடிக்கு ஏறினோம். நான் இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்து "கா... கா..." என்றேன். வேப்பமரமே வெடித்த மாதிரி சத்தம். ஒயர் முழுக்கக் காக்காய்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாம் என்னையே பார்த்தன.

"நான் கூப்பிடுதேன் அத்தை" என்றாள் மனைவி.

"பெத்த பிள்ளை இருக்கையில மருமவ கூப்பிட்டா அவரு வருவாராக்கும்?"

கொரோனா காலத்து மாஸ்க்கைத் தேடிப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூப்பிட்டேன். கொத்து துண்டின் மேல் விழுந்தது.

அண்ணாச்சி அவர் மாடியிலிருந்து கை நீட்டினார். "தம்பி, இலையை இங்கன தாங்க. எங்க மாடின்னா உடனே காலியாயிரும்."

"அவரு அடுத்த வீட்டுல கை நனைச்சதே இல்ல அண்ணாச்சி" என்றாள் அம்மா. ஆனால் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து வந்தன. படிக்கட்டு நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது. முந்தானையால் துடைக்கப் போன கை முகத்துக்கு வராமல் நடுங்கியது.

"கை சில்லுன்னு கெடக்குங்க" என்றாள் மனைவி. சர்க்கரைத் தண்ணீர் கரைத்து எடுத்து வந்தாள். அம்மா தம்ளரைத் தள்ளிவிட்டாள். "அவரு சாப்பிடட்டும்."

"நான் ஆட்டோ புடிக்கேன்" என்று அண்ணாச்சி இறங்கி ஓடினார்.

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற நான் மாஸ்க்கையும் துண்டையும் கழற்றி எறிந்துவிட்டு வேப்பமரத்துக் காக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "உனக்கு எம்மேலதான கோவம்? கொத்து. நல்லாக் கொத்து. எங்கம்மா உனக்கு என்ன செஞ்சா? ஒரு வாய் எடுத்துட்டுப் போ."

அது அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டு அப்படியே இருந்தது.

அப்போது மரத்திலிருந்து கறுப்பாக ஒன்று தடுமாறி விழுந்து கைப்பிடிச் சுவரில், இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் ஓடிப் போய் வழிவிட்ட முட்டையில் வந்த குயில் குஞ்சு. அந்த வாரம்தான் பறக்கப் பழகியிருந்தது. சிவந்த வாயை ஆவென்று பிளந்துகொண்டு, காக்காவும் இல்லாமல் குயிலும் இல்லாமல் ஒரு கத்தல் கத்தியது.

காக்கா இறங்கிவிட்டது. என்னைக் கொத்துகிற அதே காக்கா, எனக்குக் கை எட்டுகிற தூரத்தில். ஒற்றைக் கண்ணை என் மேல் வைத்துக்கொண்டே சோற்றை அள்ளிக் குஞ்சின் வாயில் திணித்தது. மறுபடி அள்ளியது, மறுபடி திணித்தது. வடையைப் பிய்த்து அதையும் கொடுத்தது. தான் ஒரு பருக்கை விழுங்கவில்லை.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. "காக்கா வந்துட்டா, ஏலே?"

"வந்துட்டு அத்தை, எடுத்துட்டு. இந்தாங்க, குடிங்க" என்று மனைவி தம்ளரை அவள் கையில் வைத்து, தன் கையால் அணைத்துப் பிடித்து உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். திதி அன்று அப்பா விஷயத்தில் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு பயம் வந்து தொலைத்தது.

"எடுத்துச்சும்மா. ஆனா அது திங்கல. குயில் குஞ்சுக்குல்லா ஊட்டுது."

தம்ளர் உதட்டருகே நின்றுவிட்டது. மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தக் காக்கா எவ்வளவோ மேல். அம்மா கண்ணை இடுக்கிச் சுவரைப் பார்த்தாள். குஞ்சு மறுபடியும் கத்தியது. காக்கா மறுபடியும் ஊட்டியது. தெருவில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா தம்ளரைச் சாய்த்து ஒரே மடக்கில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னையே வளத்த மனுசனுக்கு இதென்னல பெரிசு."