நடுங்காத கை

என் அக்காவைக் கட்டிய மாமாவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். எல்லாம் அந்த வலது கையைப் பற்றித்தான். சலூனில் சவரக்கத்தி பிடித்த இத்தனை வருடத்தில் ஒரு கழுத்தில்கூடக் கீறல் விழுந்ததில்லை என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வார். மழையில் வழுக்கி விழுந்து முழங்கையில் நரம்பு அடிபட்டதிலிருந்து அந்தப் பேச்சு நின்றுபோனது. போன வாரம் ஒருவருக்குச் சவரம் செய்யும்போதே கத்தி நழுவிவிட்டது. நல்லவேளை, தரையில் விழுந்தது.

தசையில் எவ்வளவு பலம் மிச்சம் என்று பரிசோதித்த பிறகுதான் மறுபடி கத்தி பிடிக்கலாமா கூடாதா என்று சொல்வேன் என்றார் டாக்டர். மாமாவுக்கு வேறு தொழிலும் தெரியாது. அக்கா படபடப்பில் வரமாட்டேன் என்றுவிட்டாள், நான் கூடப் போனேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொள்ளாமல் மாமாவைக் கிண்டல் செய்துகொண்டே போனேன்.

பரிசோதனை அறையில் இருந்த டெக்னீஷியன் அம்மா, மாமாவின் முன்கையில் பொத்தான் அளவு கருவி ஒன்றை ஒட்டினார். தசையின் அதிர்வைப் பார்க்கப்போகிறோம் என்று சொல்லி, ஒரு கைப்பிடியைக் கொடுத்து முடிந்தவரை அழுத்தச் சொன்னார். திரையில் கோடு லேசாக நெளிந்து அடங்கியது. அந்த அம்மா உதட்டைப் பிதுக்கியதும் எனக்குப் பகீரென்றது.

மாமா மட்டும் பெருமையாக என்னைப் பார்த்தார்.

"பாத்தியா? துளி நடுக்கம் இல்ல."

அட கடவுளே! அதிர்வு என்றதைக் கை நடுக்கம் என்று நினைத்து, ஆடிவிடக் கூடாதென்று மனுஷன் பூவைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தலையிலேயே ஒரு குட்டு வைத்திருப்பேன். அந்த அம்மாதான் பொறுமையாக விளக்கினார். வேலை செய்யும் எந்தத் தசையும் கண்ணுக்குத் தெரியாமல் அதிரும், அழுத்த அழுத்த அதுவும் கூடும், திரையில் கோடும் பெரிதாக நெளியும், கை ஆடினாலும் பரவாயில்லை என்றார்.

மாமா சிரித்துவிட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் முதலில் பிடித்தது சேர்த்தி இல்லை என்று சொல்லி மறுபடி கைப்பிடியைப் பற்றினார். பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது, கை தோள்வரை ஆடியது. கோடு முன்பு நெளிந்த அளவுக்கே நெளிந்தது. இன்னொரு முறை அழுத்தச் சொன்னார் அந்த அம்மா. அதே கோடுதான்.

மாமா கைப்பிடியை மேசைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பவும் நான் முழுசா அழுத்தல. உங்க அக்காகிட்ட அப்படியே சொல்லு."

சரி மாமா என்றேன்.